கார்ட்டூனில் ஓடிய சோப்புப்பெட்டி வண்டியை வீட்டில் கட்டுவது எப்படி

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கும் வீடுகளில், சோப்புப்பெட்டி வண்டிப் பந்தயம் வரும் பகுதி ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். எஞ்சின் இல்லாத வண்டிகள், செங்குத்தாக இறங்கும் மலைச்சாலை, எதிராளியிடம் பளபளக்கும் வண்டி, நாயகனிடம் பழைய சாமான்களால் ஒட்டுப்போட்ட வண்டி, நடுவே ஒரு சூழ்ச்சி, கடைசியில் மயிரிழையில் வெற்றி என்று ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த கதைதான். 11 நிமிடத்தில் அது முடிந்ததும் குழந்தை நம் பக்கம் திரும்பி, "நாமும் ஒன்று செய்யலாமா?" என்று கேட்கும். செய்யலாம் என்று சொல்ல நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 8 முதல் 13 வயது வரையுள்ள குழந்தை ஓட்டுவதற்கான வண்டி இது. இரண்டு வார இறுதிகளில் கட்டி முடித்துவிடலாம்.

மரத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பகுதியைக் குழந்தையோடு உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். வண்டி முழுதாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள்: வண்டியைத் திருப்புவது எது, நிறுத்துவது எது, இறக்கம் முடிந்த பிறகு வண்டி எங்கே போய் நிற்கிறது? முதல் கேள்விக்குப் படத்தில் ஒரு ஸ்டீயரிங் வளையம் இருக்கும். அது சக்கரத்தோடு எப்படி இணைந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டார்கள். பிரேக் கண்ணில் படுவது அபூர்வம். கார்ட்டூன் மலை முடிவதுமில்லை. மூன்று நிமிடம் ஓடும் பந்தயத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்கிட்டால் 2 கிலோமீட்டர் நீள இறக்கம் வேண்டியிருக்கும். ஓவியர்கள் விட்டுவைத்த இந்த மூன்று இடங்களை நிரப்புவதுதான் நம் வேலையில் பெரும்பகுதி என்பதைக் குழந்தையே கண்டுகொண்டால், பின்னால் "பெயின்ட் எப்போது அடிப்போம்?" என்ற நச்சரிப்பு கொஞ்சம் குறையும்.

இந்தப் பந்தயம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சோப்பு அனுப்பப் பயன்பட்ட மரப்பெட்டிகளில் தள்ளுவண்டிச் சக்கரங்களைப் பூட்டிச் சிறுவர்கள் தெருவில் ஓட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். 1933இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், மைரன் ஸ்காட் என்ற செய்தித்தாள் புகைப்படக்காரர் அப்படியொரு தெரு ஓட்டத்தைப் பார்த்துவிட்டு முறையான பந்தயமாக நடத்தினார். 1934இல் அது தேசியப் போட்டியாயிற்று. மறு ஆண்டே, மேடும் இறக்கமுமான அதே மாநிலத்து ஆக்ரன் நகருக்கு இடம் மாறியது. 1936 முதல் அங்கு இதற்கென்றே கட்டிய ஓடுதளம் இருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். ஓட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் பக்கத்துச் சிறுவர்கள் பழைய பேரிங்குகளைப் பலகையில் பூட்டி ஓட்டிய பேரிங் வண்டி இதற்கு உறவுமுறைதான். அந்த வண்டியில் பேரிங்கின் வெளி வளையமே நேராகத் தரையில் உருளும்; இரும்புக்குத் தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு, நிறுத்தக் குதிகால் ஒன்றே கதி. என் வலது முழங்காலில் அதன் நினைவாக ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே நாம் கட்டப்போகும் வண்டிக்கு ரப்பர் சக்கரமும், காலால் மிதிக்கும் பிரேக்கும் கட்டாயம்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடத்தைப் பார்த்த பிறகுதான் வண்டி. வாகனம் வராதபடி அடைக்கக்கூடிய குடியிருப்பு வளாகப் பாதையோ மைதானத்தின் சரிவோ போதும். பொதுச்சாலை எந்த நேரத்திலும் வேண்டாம். இறக்கத்தின் நீளத்தைவிட, மேலிருந்து கீழ்வரை மொத்தம் எவ்வளவு உயரம் இறங்குகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் இறங்கிய வண்டி மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தையும், 2 மீட்டர் இறங்கியது 22 கிலோமீட்டரையும், 5 மீட்டர் இறங்கியது 35 கிலோமீட்டரையும் எட்டும். உண்மையில் உராய்வும் காற்றும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்றாலும், திட்டமிடும்போது உச்ச அளவையே மனத்தில் வைப்பது நல்லது. முதல் வண்டிக்கு 2 மீட்டர் இறக்கம் தாராளம். 40 மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் இறங்கும் பாதை பார்வைக்குச் சப்பென்றுதான் இருக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து இறங்குகிறவருக்கு அப்படி இருக்காது. இறக்கம் முடிந்த பிறகு சமதளம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். 22 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நல்ல பிரேக் இருந்தால் சுமார் 10 மீட்டரில் நிற்கும். பிரேக் பிடிக்காமல் தானாக ஓய்ந்து நிற்க இன்னும் பல மடங்கு தூரம் வேண்டும். குறைந்தது 30 மீட்டர் வெற்றுத் தரையும், அதன் முடிவில் அடுக்கி வைத்த பழைய டயர்களோ வைக்கோல் கட்டுகளோ இருந்தால்தான் அந்த இடம் தகும்.

சக்கரத்தை வாங்கிய பிறகே மற்ற சாமான்களை வாங்க வேண்டும், ஏனெனில் அச்சுக் கம்பியின் தடிமனைச் சக்கரத்தின் துளைதான் முடிவு செய்கிறது. இரும்புச் சாமான் கடைகளில் டிராலிக்கென்று விற்கும் 10 அங்குல ரப்பர் சக்கரம் நான்கு, பேரிங் பொருத்தியதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் குழாய்த் துளை கொண்ட மலிவுச் சக்கரமும் உருளும், ஆனால் அதன் உராய்வு ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். குழந்தைகளின் சைக்கிள் சக்கரத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது இரண்டு பக்கமும் சைக்கிளின் ஃபோர்க் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, ஒரு பக்கம் மட்டும் கம்பியில் தொங்கவிட்டுத் திருப்பினால் ஆரக்கம்பிகள் வளைந்துபோகும். பேரிங்கின் மேல் 6201 என்று பொறித்திருந்தால் துளை 12 மி.மீ., 6202 என்றால் 15 மி.மீ. அதற்கேற்ற எஃகுக் கம்பியை லேத் பட்டறையில் வாங்கி, இரு முனைகளிலும் மரை வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்பியைக் கண்ணாடி மேசையின் மேல் உருட்டிப் பாருங்கள். துள்ளாமல் உருண்டால் நேரான கம்பி. துள்ளினால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடித்தளத்துக்கு 18 மி.மீ. தடிமன் பிளைவுட் பலகை, 120 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும். நீளவாட்டில் இரு ஓரங்களிலும் மேல்பக்கமாக ஒவ்வொரு ரீப்பர் கட்டையைத் திருகினால் பலகை நடுவில் தொய்யாது, குழந்தை பக்கவாட்டில் நழுவுவதையும் அது தடுக்கும். அச்சுகளுக்கு 5 செ.மீ. உயரமும் 7.5 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு மரச்சட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கம்பி பதியும் அளவுக்குப் பள்ளம் எடுத்து, கம்பியை வைத்து, இரும்புப் பட்டிகளால் இறுக்க வேண்டும். பின் சட்டத்தைப் பலகையோடு நான்கு போல்ட்டுகளால் அசையாமல் பூட்டுங்கள். இடது வலது சக்கரங்களின் இடைவெளி 70 செ.மீ.க்குக் குறையக் கூடாது; உட்காரும் பலகை தரையிலிருந்து 20 செ.மீ. அளவிலேயே நிற்க வேண்டும். கார்ட்டூன் வண்டிகள் ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருப்பது பார்க்க வேடிக்கைக்காக. அந்த உருவத்தில் நிஜமாக ஒன்றைக் கட்டி வளைவில் திருப்பினால் கவிழும்.

முன் சட்டம்தான் திரும்பும் பகுதி. பலகையின் முன் விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி, நடுக்கோட்டில் ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட் போட்டு அதைத் தொங்கவிட வேண்டும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் அகலமான இரண்டு வாஷர்களைக் கிரீஸ் தடவி வையுங்கள். கீழே நைலான் வளையம் உள்ள நட்டையே போடுங்கள். சாதாரண நட்டு அதிர்விலேயே கழன்றுவிடும், இந்த ஒரு நட்டு கழன்றால் முன்பக்கம் முழுவதும் கழன்றதற்குச் சமம். சட்டத்தின் இரு முனைகளிலும் கயிற்றைக் கட்டிக் கையில் கொடுத்தால் ஸ்டீயரிங் தயார். இடக்கயிற்றை இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும், அதனால் குழந்தைக்குக் குழப்பமே வராது. சிலர் சட்டத்தின் மேல் கால் வைத்து மிதித்துத் திருப்புவார்கள். அப்போது இடக்காலை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் போகும், பதற்றத்தில் இது தலைகீழாகிவிடும். காலுக்கு வேறு வேலையும் இருக்கிறது. சட்டம் இரு பக்கமும் சுமார் 15 பாகைக்கு மேல் திரும்பாதபடி பலகையின் அடியில் இரண்டு தடைக்கட்டைகளைத் திருகிவிடுங்கள். தடையில்லாமல் முழுதாகத் திரும்பிக்கொள்ளும் முன்சக்கரம், கார்ட்டூனில் வரும் எந்தச் சூழ்ச்சிக்காரனையும் விட ஆபத்தானது.

பிரேக்குக்கு நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் அழுத்தும் கைப்பிடிக் கட்டை எளிது என்று தோன்றும்; அது வண்டியை அந்தப் பக்கமாக இழுத்துச் சுழற்றிவிடும். நடுக்கோட்டில் நேராகத் தரையை அழுத்தும் பிரேக்கே பாதுகாப்பானது, ஆக்ரன் வண்டிகளிலும் ரப்பர் கட்டையைத் தரையில் அழுத்தும் ஏற்பாடுதான். பலகையின் அடியில், முன் சட்டம் திரும்பும்போது உராயாத தூரத்தில், 25 செ.மீ. நீளக் கட்டை ஒன்றைக் கதவுக் கீல் மூலம் தொங்கவிடுங்கள். கீல் முன்பக்கமும் கட்டையின் சும்மா இருக்கும் முனை பின்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கட்டை தரையில் குத்திக்கொண்டு வண்டியைத் தூக்கிவிடும். சரியாகப் போட்டால் தரையில் இழுபட்டபடி வரும். பின்முனையின் கீழ் ஓர் உயரக் கட்டையை இணைத்து, அதன் அடியில் பழைய லாரி டயரின் துண்டைப் போல்ட் போட்டு, ரப்பருக்கும் தரைக்கும் 3 செ.மீ. இடைவெளி இருக்கும்படி அமையுங்கள். போல்ட்டின் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புதான் தரையில் தேயும். பலகையில் ஒரு துளை விட்டு, ரப்பருக்கு நேர் மேலே மிதிகட்டை ஒன்றை எழுப்புங்கள். கீலுக்கு அருகில் மிதித்தால் அழுத்தம் பாதி கூடச் சேராது. கால் நழுவி உள்ளே போய்விடாதபடி துளை மிதிகட்டையின் அளவுக்கே இருக்கட்டும். காலை எடுத்ததும் கட்டை மேலேற, சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை ஒன்று போதும். கீலை மரத்திருகால் பொருத்தாமல் நட்டு போல்ட்டால் பொருத்துங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் முழு வண்டியின் இழுவை அதன் மேல்தான் விழுகிறது.

இனி வருவது, பந்தயத்தில் வெல்லும் வண்டிக்கும் பாதியில் ஓய்ந்துவிடும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம். எஞ்சின் இல்லாத வண்டிக்கு மேட்டின் உயரம் கொடுப்பது ஒரே ஒரு கைச்செலவுப் பணம். வழியில் யார் குறைவாகச் செலவழிக்கிறாரோ அவர் முன்னால் போகிறார். அந்தச் செலவில் மிகப் பெரியது கோணல். ஒரு சக்கரம் ஓடும் திசைக்கு 1 பாகை கோணலாக நின்றால், 100 மீட்டர் ஓட்டத்தில் அது 1.75 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணலைக் கண்டுபிடிக்க நூலும் ஆணியும் போதும். பலகையின் முன் விளிம்பில் நடுக்கோட்டில் ஓர் ஆணி அடித்து, அதில் கட்டிய நீட்சி இல்லாத நூலைப் பின் அச்சின் இட முனைக்கும் வல முனைக்கும் இழுத்துப் பாருங்கள். இரண்டு நீளமும் 1 மி.மீ. கூட மாறாமல் ஒத்திருந்தால் பின் அச்சு செங்கோணத்தில் நிற்கிறது. தச்சரின் மூலைமட்டத்தை நம்புவதைவிட இது துல்லியம், ஏனெனில் முக்கோணம் பெரியது. பின்பு முன் சட்டத்தை நேராக வைத்து, முன் அச்சு முனைக்கும் பின் அச்சு முனைக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். சரியாக வந்த இடத்தில் சட்டத்திலும் பலகையிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டால், ஓட்டும் குழந்தைக்கு நேர் எது என்று தெரியும். கடைசியாக, ஒவ்வொரு அச்சிலும் இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றா என்று பாருங்கள். இந்த அளவுகளையெல்லாம் குழந்தை வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். பாரம் ஏறியதும் கம்பி லேசாக வளைந்து சக்கரங்கள் சாய்வது உண்டு. அசையாமல் பத்து நிமிடம் உட்கார வைப்பதுதான் இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி.

புதுப் பேரிங்கில் கெட்டியான கிரீஸ் அடைத்திருக்கும். மெதுவாக ஓடும் நம் வண்டிக்கு அது தேவைக்கு மிஞ்சிய தடை. பக்கவாட்டு மூடியைக் கவனமாக நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சக்கரம் விரலால் தட்டியதும் நெடுநேரம் சுற்றும். தூசி புகாமல் மூடியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய் வேலை பெரியவர் கையில் இருக்கட்டும்.

எடை பற்றி எல்லாக் குழந்தைகளும் கேட்பார்கள்: கனமான வண்டி வேகமாகப் போகுமா? ஓரளவுக்குப் போகும். ஈர்ப்பு எல்லா வண்டிகளையும் ஒரே மாதிரிதான் முடுக்குகிறது, உருளும் உராய்வும் எடையோடு சேர்ந்தே வளர்கிறது. காற்றின் தடை மட்டும் எடையைப் பார்ப்பதில்லை, ஆகவே கனமான வண்டியை அது குறைவாகவே தாமதப்படுத்துகிறது. அதனால்தான் ஆக்ரனில் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடைக்கு உச்சவரம்பு வைத்து, இலேசான குழந்தைகளை அந்த வரம்புவரை எடைக்கட்டி ஏற்றிக்கொள்ள விடுகிறார்கள். வீட்டு வண்டியில் எடை சேர்க்க வேண்டாம். சேர்க்கும் ஒவ்வொரு கிலோவையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். காற்றுத்தடை வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும் என்பதால், முதுகைச் சற்றுக் குனிந்து உட்காரச் சொல்வதே மலிவான வேக உத்தி. பார்வை மட்டும் சாலையில் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதைச் சமதரையில் தொடங்குங்கள். தலைக்கவசம், முழுக்கையுறை, மூடிய காலணி இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்பதை முதல் நாளிலேயே சட்டமாக்கிவிடுங்கள். பின்னாலிருந்து தள்ளிவிட்டு, நீங்கள் கை தட்டியதும் பிரேக் போட வேண்டும் என்று சொல்லிப் பத்து முறையாவது பழக்குங்கள். பிறகு இறக்கத்தின் கடைசி 5 மீட்டரிலிருந்து, அடுத்து 10 மீட்டரிலிருந்து என்று புறப்படும் இடத்தை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நடு போல்ட்டின் நட்டையும் நான்கு சக்கரங்களையும் அச்சு முனையில் பிடித்திருக்கும் நட்டுகளையும் குழந்தையே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். கீழே ஒரு பெரியவர் எப்போதும் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் ஓடி வரும் தம்பி தங்கைகளைப் பிடித்து வைப்பது அவர் பொறுப்பு.

வண்டி பழகிய பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். 10 மீட்டர் குறியிலிருந்து தள்ளாமல் விட்டு, பிரேக் போடாமல் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு அளந்து எழுதுங்கள். இந்த உயரத்துக்கு 30 மீட்டர் சமதளம் போதும். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடியும் விடுங்கள்: எண்ணெய், அல்லது டயர்க் காற்று, அல்லது அச்சின் கோணல். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. காற்றடைத்த டயராக இருந்தால் காற்றின் அளவு செய்யும் வித்தியாசம் குழந்தையை வியக்க வைக்கும்.

இந்த வேலையில் பெரியவர் கை எவ்வளவு இருக்கலாம் என்பது இந்தப் பந்தயம் தொடங்கிய காலம் முதலே தீராத தகராறு. 1973இல் ஆக்ரனில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தேசியப் பட்டத்தை வென்றான். ஓட்டத்துக்கு ஓட்டம் அவன் வண்டி புறப்படும் விதத்தில் சந்தேகம் எழுந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், வண்டியின் மூக்குப் பகுதிக்குள் மின்காந்தம் இருந்தது தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்ததும் அது வேலை செய்யும். புறப்படும் இடத்தில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு முன்னால் விழும்போது வண்டியையும் சேர்த்து இழுத்துவிடும். பட்டம் பறிக்கப்பட்டது. யோசனைக்குப் பின்னால் உறவினரான பெரியவர் ஒருவர் இருந்தார். எந்தக் கார்ட்டூன் கதாசிரியரும் இதைவிட நல்ல சூழ்ச்சியை எழுதியதாகத் தெரியவில்லை. நம் அளவில் நான் வைத்துக்கொள்ளும் கோடு இது: ரம்பம், டிரில், மண்ணெண்ணெய் மூன்றும் எனக்கு, அளப்பது, நூல் பிடிப்பது, திருகுவது, உப்புத்தாள் தேய்ப்பது, வர்ணம் எல்லாம் குழந்தைக்கு. வர்ணம் கடைசியில்தான்.

தெருவில் இன்னொரு வண்டி தயாராகிவிட்டால் பந்தயம் தானே வந்துவிடும். இரண்டு வண்டிகள் மட்டும் என்றால், முதல் ஓட்டம் முடிந்ததும் தடங்களை மாற்றிக்கொண்டு இரண்டாவது ஓட்டம் விட்டு, இரு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி வெற்றியை முடிவு செய்யுங்கள். ஒரு பக்கத் தரை மற்றதைவிட வழவழப்பாக இருந்திருந்தால் அந்தக் குறை இதில் நேராகிவிடும். அமெரிக்க ஊர்ப் பந்தயங்களில் தடத்தோடு சக்கரங்களையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. தள்ளிவிடுவது கிடையாது; சாய்வில் நிறுத்திய இரண்டு வண்டிகளையும் ஒரே பலகையால் தடுத்து வைத்து, அந்தப் பலகையை முன்பக்கமாகச் சாய்த்துவிட்டால் புறப்பாடு சமமாக இருக்கும். இறங்கிய வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து வருவது ஓட்டியவர் வேலை. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அச்சுகளுக்கு அடியில் செங்கல் கொடுத்துச் சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தி வையுங்கள். பல நாள் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்ற ரப்பர் தட்டையாகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடக் தடக்கென்று அடிக்கும்.